கஜூர் வீதி வீட்டுக்காரர்கள்

எங்கள் தோட்டத்து இசைக்குழுவின் மலரைத் தயாரிக்கிற தம்பிமார் மூன்று பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணே, நம்ம குழுவைப் பத்தி எழுத ஆள் இருக்கு. நீங்க வேற ஒரு குழுவைப் பத்தி எழுதிக் குடுங்க. ஆள் மாறி மாறி வந்தும் உடையாம நின்ன குழுவா இருக்கணும்" என்றார்கள். ஏன் அப்படிக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கீபோர்ட் வாசித்தவர் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டார். ஒக்டபேட் தட்டிய தம்பி கட்டாரில் இருக்கிறார். நன்றாகப் பாடிய பிள்ளை கல்யாணமாகி வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. பூண்டுலோயாவைச் சுற்றி எந்தத் தோட்டத்துக் குழுவை எடுத்தாலும் கதை இதுதான். மேடையில் நான்கு திருவிழா பார்ப்பதற்குள் ஆள் கலைந்துவிடும். மிஞ்சியவர்கள் புதிய ஆளைத் தேடுவார்கள். வருகிறவரிடம் முதலில் சொல்வது, "முன்னால இருந்தவர் மாதிரியே வாசி" என்பதுதான்.

அந்த "மாதிரியே" என்ற சொல்லில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். அதனால்தான் டில்லிக் குழுவான 'இந்தியன் ஓஷன்' வரலாற்றை எழுதச் சம்மதித்தேன். 1990இல் தொடங்கியது. இன்றும் மேடையேறுகிறது. இத்தனை ஆண்டுகளில் தொடங்கியவர்கள் ஒருவர்கூட அதில் மிஞ்சவில்லை. இருந்தாலும் அது அதே குழுதான்.

பெயரைக் கேட்டால் நம் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரலாம். கடலே பார்க்காத டில்லிக்காரர்கள் இந்து சமுத்திரத்தின் பெயரை எடுத்துக்கொண்டார்கள், சமுத்திரத்தின் நடுவில் இருக்கிற நாம் சும்மா இருக்கிறோம். பெயரைச் சொன்னவர் கிட்டார் கலைஞர் சுஸ்மித் சென்னின் தந்தை. சுஸ்மித்தும் அசீம் சக்ரவர்த்தியும் 1984இலிருந்தே சேர்ந்து வாசித்தவர்கள். சுஸ்மித் கிட்டாரை மேற்கத்தியர் போல சுருதிக் கட்டுகளாக அடுக்கி வாசிக்கிறவர் அல்லர். ஒரு தந்தியைத் தம்புரா போல ஒலிக்கவிட்டு, மற்றதில் இராகம் போல ஒற்றை இழை இழுப்பார். அசீம் தபலா வாசித்தபடியே பாடுவார். பக்கவாத்தியக்காரரும் பாடகரும் ஒரே ஆள். பிற்பாடு இந்த விஷயம்தான் கதையைத் திருப்பப் போகிறது.

1990இல் ஏழு பாட்டுகள் கொண்ட ஒரு மாதிரி நாடாவைப் பதிவு செய்தார்கள். அதற்குப் பணம் தேட சுஸ்மித் தன் மின் கிட்டாரை விற்றார். வாசிக்கிறவன் வாத்தியத்தை விற்று வாசிப்பைப் பதிவு செய்கிற அந்தக் கூத்து, விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிய கதை மாதிரிதான். ஆனால் இந்த நெல் முளைத்தது. எச்.எம்.வி. நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது. கல்கத்தாவில் பதிவாகி, குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் கசெட் 1993இல் வெளிவந்தது.

அதற்குள்ளேயே செக்ரோலில் பெயர்கள் மாறத் தொடங்கிவிட்டன. 1991இல் பேஸ் கிட்டாருக்கு ராகுல் ராம் வந்தார். இவர் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றவர். படிப்பு முடித்துத் திரும்பி வந்து உத்தியோகம் தேடாமல் நர்மதை அணைக்கு எதிரான மக்கள் இயக்கத்தில் சேர்ந்தார். டிரம்ஸில் முதலில் இருந்தவர் ஷலீன் சர்மா. 1994இல் அவர் இடத்துக்கு அமித் கிலம் வந்தார். குழுவிலேயே இளையவர். டிரம்ஸோடு நிற்கிறவர் அல்லர். வங்காளத்து பாவுல் பாடகர்கள் தந்தியை மீட்டி வாசிக்கிற கப்குபியை ரொக் மேடைக்கு ஏற்றியவர். கிளாரினெட்டும் ஊதுவார்.

சுஸ்மித், அசீம், ராகுல், அமித் என்ற இந்த நால்வர் 1994 முதல் 2009 வரை, பதினைந்து ஆண்டு ஒன்றாக இருந்தார்கள். ரசிகர்கள் 'இந்தியன் ஓஷன்' என்று சொன்னால் மனதில் வருவது இந்த நால்வர்தான்.

முதல் கசெட்டை இன்று யாரும் பேசுவதில்லை. அது எனக்கு வருத்தம். பெரும்பாலும் பாட்டில்லாத வாத்திய இசை. குரல் வரும் இடங்களிலும் அது இன்னொரு வாத்தியம் போலத்தான் நுழைகிறது. சினிமாப் பாட்டுக்குப் பழகிய காதுக்கு, "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்ற எதிர்பார்ப்பிலேயே முதல் பக்கம் முடிந்துவிடும். நானும் அப்படித்தான் முதல் தடவை கேட்டேன். இரண்டாம் தடவைதான் புரிந்தது: இவர்கள் பாடகருக்குப் பின்னால் நிற்கிற கோஷ்டி அல்ல. இங்கே பாடகர் என்று தனியாக ஓர் ஆளே இல்லை.

நம் நாட்டில் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். எழுபதுகளில் இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை எவ்வளவு பெரிய அலை! ஏ.ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் என்று பெயர்களை இன்றும் சொல்கிறோம். 'சுராங்கனி' பாடாத பஸ் பயணம் உண்டா? ஆனால் அந்தப் பாட்டுகளில் கிட்டார் பிடித்தவர் யார், பொங்கோ தட்டியவர் யார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? தமிழ் ரசிகருக்குக் குரல்தான் ஆள். சிங்களப் பக்கம் கொஞ்சம் வேறு. மொரட்டுவையில் பெரேரா சகோதரர்கள் தொடங்கிய 'ஜிப்சீஸ்', குழுவின் பெயரிலேயே ஐம்பது ஆண்டு நின்றது. சுனில் பெரேரா 2021 செப்டம்பரில் கொவிட்டுக்குப் பின் காலமானபோது, குழு என்ன ஆகும் என்று ஜனங்கள் கவலைப்பட்டார்கள். பாடகர் போனால் பாட்டு போய்விடும் என்று நாம் நினைப்போம். அவர்கள் குழுவைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். அந்த வித்தியாசம் சின்னதல்ல.

இனி 1997க்கு வருவோம். ஜனவரி முதலாம் திகதி, டில்லிக் குளிர். நாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மியின் நினைவுக்காக 'சஹ்மத்' அமைப்பு ஆண்டுதோறும் நடத்துகிற கலை நிகழ்ச்சி. 1989 ஜனவரி முதலாம் திகதி, டில்லிக்கு அருகே தொழிலாளர் குடியிருப்பொன்றில் வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு, மறுநாள் உயிர்விட்டவர் ஹாஷ்மி. 1997இல் அந்த நினைவு நாளில், திறந்தவெளியில் குழு வாசித்ததைப் பதிவு செய்து 'டெசர்ட் ரெயின்' என்று வெளியிட்டார்கள். ஸ்டூடியோவில் தவறைத் திருத்தலாம், குரலை மறுபடி பதியலாம். இங்கே அதற்கு வழியில்லை. விரல் நழுவினாலும் நாடாவில் இருக்கும். அதனாலேயே இந்த இசைத்தட்டில் நால்வரும் ஒருவரை ஒருவர் எவ்வளவு கவனித்துக் கேட்கிறார்கள் என்பது தெரிகிறது. ஒருவர் வேகம் எடுத்தால் மற்றவர் பதறுவதில்லை. நம் தப்புக்காரர்கள் ஊர்வலத்தில் கண்ணால் சைகை காட்டி அடி மாற்றுவார்களே, அந்த வித்தை.

அதே ஆண்டில்தான் டில்லி கரோல்பாக்கில் கஜூர் வீதி 16/330 இலக்க வீட்டுக்கு ஒத்திகையை மாற்றினார்கள். ஏறக்குறைய நூறு வயதான பழைய பங்களா. அடுத்த பல ஆண்டுகளில் அவர்கள் கட்டிய இசை முழுக்க அந்த வீட்டில் உருவானது. எங்கள் காலத்தில் தோட்டத்துக் குழுக்கள் பிள்ளைமடுவத்திலும், வாசகசாலையிலும், யாரும் இல்லாதபோது கோயில் மண்டபத்திலும் பழகியதுதான் ஞாபகம் வருகிறது. இடம் கிடைக்காத குழு முதலில் கலையும். ஆள் போவது அதற்குப் பிறகுதான்.

2000ஆம் ஆண்டு 'கண்டீசா' வந்தது. குழுவைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன இசைத்தட்டு இது. தலைப்புப் பாட்டு, கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டுப் பாட்டு. மொழி சிரியாக், அரமேய மொழியின் கிளை. கேட்கிற லட்சம் பேரில் ஒருவருக்கும் பொருள் புரியாது. ஆனாலும் கல்லூரி மைதானங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கூடவே பாடினார்கள். கோயிலில் சமஸ்கிருத மந்திரம் கேட்டுப் பழகியவர்கள் நாம், நமக்கு இதில் வியப்பில்லை.

'கண்டீசா'வில் என்னை உலுக்கியது வேறொரு பாட்டு, 'மா ரேவா'. ரேவா என்பது நர்மதையின் இன்னொரு பெயர். ராகுல் ராம் அணை எதிர்ப்புப் போராட்டத்தில் இருந்த காலத்தில், அந்தப் பள்ளத்தாக்கு மக்களிடமிருந்து எடுத்து வந்த ஆற்றுப் பாட்டு. அதில் கோஷம் இல்லை, அணை என்ற சொல்லும் இல்லை. ஆற்றைத் தாயாகக் கூப்பிடுவது மட்டும்தான். அந்த ஆற்றில் எழுந்த சர்தார் சரோவர் அணை இன்று 138.68 மீற்றர் உயரம்.

பூண்டுலோயாவில் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்கிறவனுக்கு எது நினைவு வரும்? நம் ஓயா கீழே போய்ச் சேருவது கொத்மலை ஓயாவில். கீழே 1985இல் கொத்மலை நீர்த்தேக்கம் வந்தது. வயலும் விகாரையும் வீடுமாக ஊர்கள் நீருக்கடியில் போயின. வறண்ட பருவத்தில் தண்ணீர் இறங்கினால் கடதொரவின் பழைய விகாரை இன்றும் தலைகாட்டும், ஜனங்கள் போய்ப் பார்ப்பார்கள். மேலே தலவாக்கலையில் 2012இல் மேல் கொத்மலைத் திட்டம் வந்தது. 150 மெகாவாட் மின்சாரம். ஆற்றை மலைக்குள் ஏறக்குறைய 13 கிலோமீற்றர் சுரங்கத்தில் திருப்பினார்கள். சென்கிளயர் அருவி மெலிந்தது. மலையகத்தில் எதிர்ப்பு எழுந்தது, லயங்களில் கூட்டம் நடந்தது, பிறகு மின்சாரம் வந்தது. கொத்மலை ஓயாவைக் கூப்பிட்டு நம் குழு ஒரு பாட்டுக் கட்டலாமே என்று தம்பிமாரிடம் சொன்னேன். "டான்ஸ் ஆட முடியுமாண்ணே?" என்று கேட்டார்கள். 'மா ரேவா'வுக்கு ஆடுகிறார்கள், போய்ப் பாருங்கள் என்றேன்.

'கண்டீசா'வின் மற்றொரு பாட்டு 'ஹில்லே லே'. கோரக் பாண்டே போஜ்புரியில் எழுதியது. கரும்புத் தோட்டங்களுக்கு மொரீசியசுக்கும் பீஜித் தீவுக்கும் கப்பலேறியவர்களில் பலரின் மொழி அது. நம் பாட்டன்மார் மண்டபத்தையும் மன்னாரையும் தாண்டி நடந்து வந்த அதே நூற்றாண்டில், அவர்கள் வேறு திசையில் போனார்கள்.

அடுத்தது 'ஜீனி', 2003. இதைப் பற்றித்தான் நான் இந்த மலரில் நிறைய எழுத விரும்புகிறேன். குழுவின் ஆகச் சிறந்த இசைத்தட்டு இதுதான் என்பது என் எண்ணம், ஒத்துக்கொள்கிறவர்கள் குறைவு. 'கண்டீசா'வை வாங்கியவர்கள் இன்னொரு 'கண்டீசா'வை எதிர்பார்த்து இதை வாங்கினார்கள். கிடைத்தது வேறு. தலைப்புப் பாட்டு கபீரின் பாடலிலிருந்து வந்தது. உடம்பை மெல்லிய துணியாகவும் அதை நெய்தவனை நெசவாளியாகவும் காண்கிற பாடல். நம் சித்தர்களைப் படித்தவர்களுக்கு இந்தப் பேச்சு அந்நியமில்லை. 'நம் ம்யோ ஹோ'வில் ஜப்பானியப் பௌத்தர்களின் ஓதல் வருகிறது. 'போர்' என்றொரு பாட்டு உண்டு. தமிழ்க் காதுக்குச் சண்டை என்று கேட்கும், ஹிந்தியில் அதற்கு விடியல் என்று பொருள்.

'ஆஃப்டர் த வோர்' என்ற தலைப்பும் இதில்தான். 2003இல் நம் நாட்டில் போர்நிறுத்தம் நடப்பில் இருந்தது. ஏ9 வீதி திறந்திருந்தது. கொழும்பில் ஒரு கடையில் இந்த இறுவட்டின் பின்பக்கத்தில் 'போருக்குப் பின்' என்ற அந்தத் தலைப்பைப் படித்தபோது, அது நமக்காகவே வைத்த பெயர் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

'ஜீனி'யில் அசீமின் குரலைத்தான் கவனிக்க வேண்டும். 'கண்டீசா'வில் அவர் கூட்டத்தை அழைக்கிறார். இங்கே தனக்குள்ளே பாடுகிறார். தபலாவின் விரலும் தொண்டையும் ஒரே மூச்சில் அசைகின்றன. இரண்டையும் வேறு வேறு ஆட்கள் செய்தால் இந்தக் கோர்வை வராது.

பிறகு சினிமா வந்தது. அனுராக் காஷ்யப் எடுத்த 'பிளாக் ஃப்ரைடே', 1993 பம்பாய்க் குண்டுவெடிப்புகளைப் பற்றிய படம். வழக்கு முடியும் வரை நீதிமன்றம் அதைத் தடுத்து வைத்தது. 2007இல்தான் இந்தியத் திரையரங்குகளில் ஓடியது. படத்துக்கு முன்பே பாட்டு ஊரெல்லாம் போய்விட்டது: பியூஷ் மிஸ்ரா எழுதிய 'பந்தே'. அன்றிலிருந்து எந்த மேடையிலும் 'கண்டீசா', 'பந்தே' இரண்டும் பாடாமல் இறங்க முடியாத நிலை. புகழ் ஒரு வகையில் கங்காணி மாதிரி. வேலை கொடுக்கும், வேறு மலைக்குப் போக விடாது. 'ஜீனி' மேலும் பின்னுக்குப் போனது.

2009 டிசம்பர் 25. அசீம் சக்ரவர்த்தி இறந்தார். இதயம் நின்றுபோனது.

குழு உடையும் இடம் இது. மேல்நாட்டு ரொக் குழுக்களில் இப்படிப்பட்ட இடங்கள் நிறைய உண்டு. 'டீப் பர்ப்பிள்' ரசிகர்கள் ஆள்மாற்றங்களை மோட்டார் வாகனம் போல 'மார்க் 1', 'மார்க் 2' என்று எண்ணிட்டுப் பேசுவார்கள். 'ஜெனசிஸ்' குழுவிலிருந்து 1975இல் பாடகர் பீட்டர் கேப்ரியல் விலகியபோது, வெளியே ஆள் தேடிக் களைத்து, கடைசியில் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் அடித்த பில் கொலின்ஸை முன்னால் நிறுத்தினார்கள். ஒருவர் இடத்துக்கு ஒருவர்.

இந்தியன் ஓஷன் கணக்கு வேறு. அசீமின் இடத்துக்கு இரண்டு பேரை எடுத்தார்கள். பாட ஹிமான்ஷு ஜோஷி, தபலாவுக்குத் துஹீன் சக்ரவர்த்தி. அசீம் மாதிரி பாடிக்கொண்டே வாசிக்கிற ஒருவரைத் தேடிப் பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் அவர் ஆயுள் முழுக்க அசீமின் நிழலாக மேடையில் உட்கார்ந்திருப்பார். நாற்காலியை இரண்டாகப் பிளந்ததால் வந்த இருவரும் தப்பித்தார்கள்.

இந்த இடத்தில் நம் காமன் கூத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மாசியில் கம்பம் நட்டுக் காப்புக் கட்டினால், ரதி வேஷம் ஒருவருக்கு, மதன் வேஷம் ஒருவருக்கு. கட்டியவர் வயதாகி ஒதுங்கினால் தம்பியோ மகனோ கட்டுவார். வேஷம் நிற்கும், ஆள் மாறுவார். முந்தைய ரதி எப்படி ஆடினார் என்று வாத்தியார் சொல்லிக்கொடுப்பதில்லை, ரதி எப்படி ஆடுவாள் என்றுதான் சொல்லிக்கொடுப்பார். ரொக் குழுவில் வேஷம் கிடையாது. ஆள்தான் வேஷம். அவர் போனால் அந்த வேஷமும் போய்விடுகிறது. அதை மறுபடி கட்டப் பார்க்காமல் புது வேஷம் எழுதியதால் இந்தக் குழு பிழைத்தது.

அசீம் இறப்பதற்கு முன் பாடி வைத்தவை இருந்தன. அவைதான் '16/330 கஜூர் ரோட்'. ஒத்திகை வீட்டின் விலாசமே தலைப்பு. 2010 ஜூலையில் தொடங்கி, மாதம் ஒரு பாட்டாக ஏழு பாட்டுகளை இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். கேட்டவர்கள் நிறைய, ஆனால் முழு இசைத்தட்டாக, ஒரே இருப்பில் கேட்டவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். மாதாமாதம் தவணையில் வந்த தொடர்கதையைப் புத்தகமாக வாசிக்காதவர்கள் போல. ஒரே மாலையில் கேளுங்கள். இறந்தவர் பாடுகிறார் என்பது மறந்துபோய், பக்கத்து அறையில் பழகுகிறார் என்று தோன்றும். அதே 2010இல் ஜெய்தீப் வர்மா இக்குழுவைப் பற்றி எடுத்த 'லீவிங் ஹோம்' ஆவணப்படம் திரையரங்குகளிலேயே ஓடியது, தேசிய விருதும் பெற்றது. அசீம் உயிரோடு அதில் இருக்கிறார்.

2013இல் சுஸ்மித் சென் விலகினார். மின் கிட்டாரை விற்றுத் தொடங்கியவர். தனியே இசை செய்யப் போனார், அடுத்த ஆண்டு தன் நினைவுகளைப் புத்தகமாகவும் எழுதினார். அவர் இடத்துக்கு நிகில் ராவ் வந்தார். கேட்டால் உடனே தெரிகிற மாற்றம். இழுத்துப் பேசுகிற பழைய தந்தி இல்லை, மின் கிட்டாரின் கூர்மை வந்தது. பழைய ரசிகர்கள் பலர் அங்கேயே இறங்கிவிட்டார்கள். 2014இல் வந்த 'தந்தானு'வை அதனாலேயே கேட்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். நஷ்டம் அவர்களுக்கு. அதில் ஏழு பாட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விருந்தாளி. ஷங்கர் மகாதேவன் இருக்கிறார், சுபா முத்கல் இருக்கிறார். நமக்கு வேண்டியவர்கள் இரண்டு பேர்: வயலின் குமரேஷ், கஞ்சிரா செல்வகணேஷ். கடம் விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ். புது ஆட்கள் மூன்று பேர் வந்த குழு, "நாங்கள் பழையவர்கள்தான்" என்று நிரூபிக்க முயலாமல் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு, யார் வேண்டுமானாலும் வாருங்கள் என்று சொன்னதாகவே இதை எடுத்துக்கொள்கிறேன். எல்லாப் பாட்டும் சோபிக்கவில்லை. இரண்டு பாட்டில் விருந்தாளி சாப்பிட வந்தவர் போலத்தான் இருக்கிறார்.

2015இல் 'மசான்' படத்துக்கு இசையமைத்தார்கள். காசியின் சுடுகாட்டுக் குடும்பத்தில் பிறந்த பையனின் காதல் கதை. வருண் குரோவர் எழுதிய பாட்டுகளும் அதில் உண்டு. புதிய ஆட்களோடு குழு முழுதாக ஒட்டிக்கொண்டது அதில்தான் கேட்கிறது. 2023இல் 'தூ ஹை' வந்தது. ராகுலும் அமித்தும் மட்டுமே பழையவர்கள். அவர்களும் தொடக்கத்து ஆட்கள் அல்லர் என்பதை மறுபடி சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் நம் குழுவில் "ஆரம்பத்துல இருந்தவன் நான்" என்று சண்டை பிடிக்கிறவர்கள் இருவராவது இந்த மலரை வாசிப்பார்கள்.

தம்பிமார் இவற்றைக் கேட்கப் போவதானால் ஒழுங்கு சொல்லிவிடுகிறேன். முதலில் 'ஜீனி'. பிறகு 'கஜூர் ரோட்', விளக்கணைத்து ஒரே இருப்பில். அதற்குப் பிறகு 1993 கசெட். 'கண்டீசா'வைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஜீனி' இறுவட்டு என்னிடம் இருக்கிறது. மூன்றாவது பாட்டில் ஒரு கீறல், அந்த இடத்தில் ஒருமுறை துள்ளும். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிப் போகலாம். பெயர் எழுதி வைத்துக்கொண்டுதான் கொடுப்பேன்.